வியாழக்கிழமை முகம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்ததா, கட்டுக்கதையா என்று பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

கரியாஹாட் நாற்சந்திக்குப் பக்கத்தில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் ஒரு பப் இருக்கிறது. வியாழக்கிழமை மாலைகளில் அங்கே வினாடி வினா நடக்கும். ஆபீஸ் மாற்றலில் இந்த ஊருக்கு வந்து, சாயங்காலங்களை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த நான், கூட வேலை செய்யும் இரண்டு பேரோடு அங்கே போய்க் கடைசி இடம் வாங்குவதை வழக்கமாக வைத்திருந்தேன். கேள்வி கேட்பவர் ஒரு தமிழர். பெயர் மஹாதேவன். தாத்தா காலத்திலேயே இங்கே வந்து குடியேறிய குடும்பம். வங்காளிகள் அவரை 'மஹாதேவ் தா' என்று அண்ணனாக்கி வைத்திருந்தார்கள். என்னிடம் அவர் தமிழில் பேசியதில்லை. நான் தமிழன் என்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். கடைசி இடக்காரர்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

ஒரு வியாழக்கிழமை அவர் பாதி ஆட்டத்தில் மைக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். போவதற்கு முன் ஒரு கல்லூரிப் பெண்ணைப் பார்த்துத் தமிழில் ஒன்று சொன்னார். அந்தப் பெண் வங்காளி. அவளுக்குப் புரியவில்லை. அந்தக் கூடத்தில் புரிந்தது எனக்கு மட்டும்தான்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவே. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அவருக்கு மனைவி உண்டா, மகள் உண்டா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும், அல்லது நான் எழுதப்போவதைவிட மோசமாக ஏதாவது இருக்கும். இரண்டையும் தாங்கும் தெம்பு எனக்கில்லை.

2

தொடங்கிப் பார்த்தவை:

'மஹாதேவனுக்கு உலகத்தில் தெரியாதது எதுவுமே இல்லை, ஆனால் தன் வீட்டில்—'

வேண்டாம். முதல் வரியிலேயே ஆளைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வாக்கியம். மேற்கொண்டு படிக்க என்ன இருக்கிறது?

'கொல்கத்தாவில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்தது—'

தமிழ்க் கதைகளில் கொல்கத்தா என்றால் மழையும் டிராமும்தான். நான் சொல்லும் காலம் மார்கழி. இந்த ஊர்க்காரர்கள் லேசாகக் காற்றடித்தாலே குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டிக்கொள்ளும் காலம். மஹாதேவனிடமும் பழுப்பு நிறத்தில் ஒன்று இருந்தது. மூன்று தலைமுறையாக இங்கே இருந்தால் குல்லாய் தானாக வந்துவிடும்.

'சுபிக்ஷா பூஜா விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை.'

இது பரவாயில்லை. இதிலிருந்து போவோம்.

3

சுபிக்ஷா அவருடைய ஒரே மகள். புவனேஸ்வரில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். துர்கா பூஜைக்கு வந்தாள். பந்தல் பார்க்கக் கூப்பிட்ட தோழிகளோடு ஒருநாள்கூடப் போகவில்லை. லக்ஷ்மி பூஜை முடிந்தது, காளி பூஜை முடிந்தது, அவர்கள் குடியிருந்த காளிகாட் சந்தில் வெடித்த வெடிகளின் குப்பையைக்கூட அள்ளிவிட்டார்கள். அவள் பெட்டி திறந்தபடி கட்டிலடியிலேயே கிடந்தது. அம்மா பத்மஜா முதலில் "லீவு நீட்டிட்டாளா?" என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு வேளாவேளைக்குத் தட்டை அறைக்கே கொண்டுபோய் வைத்தாள். தட்டு பாதி காலியாகி வெளியே வரும். அந்தப் பாதியைப் பார்த்து அவள் அன்றைய நாள் எப்படி என்று கணித்துக்கொள்வாள்.

மஹாதேவன் என்ன செய்தார்? வங்கிக்குப் போனார், வந்தார். வியாழக்கிழமைக்குக் கேள்வி தயாரித்தார்.

அவருடைய தொழில் நுணுக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். (வங்கி வேலையை அவர் தொழிலாக நினைக்கவில்லை. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.) வினாடி வினா நடத்துகிறவர் முகம் காட்டக் கூடாது. ஒரு குழு பதில் சொன்னதும் இவர் புருவம் அசைந்தால் போச்சு, மொத்தக் கூடமும் புரிந்துகொள்ளும். சரியான பதிலுக்கும் அபத்தமான பதிலுக்கும் ஒரே முகம் வேண்டும். பதில் வந்ததும் கொஞ்சம் பொறுத்து, "ஷ்யூரா?" என்று கேட்க வேண்டும். அதற்கப்புறம், "வேற ஏதாவது சேர்க்கணுமா?" என்ற ஒன்று. இந்த இரண்டிலும் பயந்துபோய்ச் சரியான பதிலை மாற்றிக்கொண்டு கெட்டவர்கள் எத்தனையோ பேர். எங்கள் குழுவும் அதில் சேர்த்தி.

இளம் வயதில் கண்ணாடி முன் நின்று பழகிய முகம் அது.* இந்த ஊரில் கேள்வி கேட்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் 'முகம் என்றால் மஹாதேவ் தா முகம்' என்று சொல்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

* கண்ணாடி விஷயம் நான் சேர்த்தது. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

4

இப்போது அந்த மாலை. இதை எழுதத்தான் நான்கு நாளாக நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

மஹாதேவன் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்மஜா கீழே காய் வாங்கப் போயிருந்தாள். அறைக்கதவு திறந்தது. சுபிக்ஷா வந்து எதிர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை. பல நாளாகத் தலை வாராதது தெரிந்தது.

"அப்பா, ஒரு நிமிஷம்."

"சொல்லும்மா."

"என்னால முடியலப்பா. காலேஜ் மட்டும் இல்ல. எதுவுமே முடியல. காலம்பற எழுந்துக்கறதே மலையா இருக்கு. நான் திரும்பப் போகல."

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கேட்டது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அடுத்து வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைக் கல்நெஞ்சன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அவருக்குப் பயம் வந்தது. பிறந்த அன்று அவளை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது வந்த அதே பயம். எங்கே நழுவிவிடுமோ என்ற பயம். உள்ளே அத்தனையும் நடந்தது. முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. முகத்துக்கு அந்தப் பழக்கமே இல்லை.

அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதாவது வரும் என்று காத்திருந்தாள்.

அவர் வாயிலிருந்து வந்தது: "ஷ்யூரா?"

[இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.]

அதோடாவது நின்றிருக்கலாம். பல்லாயிரம் தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய், ஒன்றை ஆரம்பித்தால் அடுத்ததையும் சொல்லித்தான் நிற்கும். "வேற ஏதாவது சேர்க்கணுமா?"

சுபிக்ஷா நாற்காலியை விட்டாள். "இல்லப்பா. அவ்ளோதான்" என்றாள். உள்ளே போனாள். கதவைப் படாரென்று சாத்தவில்லை. சாத்தியிருந்தால் அவர் எழுந்து ஓடியிருப்பார். மெதுவாகத்தான் சாத்தினாள்.

அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசவில்லை. அம்மாவிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேசினாள். அவர் கதவருகே போய் நின்று, "சுபி, சாப்டியா?" என்றால் உள்ளே மின்விசிறியின் சத்தம் மட்டும் வரும். மார்கழியில் எதற்கு மின்விசிறி என்று யோசித்தார். பிறகுதான் புரிந்தது, வெளியே பேசுவது கேட்காமலிருக்க. புரிந்த அன்று அவரால் வங்கியில் ஒரு கையெழுத்தை ஒழுங்காகப் போட முடியவில்லை.

5

நீங்கள் காரணம் கேட்பீர்கள். நல்ல படிப்பு, நல்ல வீடு, இந்தப் பெண்ணுக்கு என்ன குறை?

நானும் கேட்டேன். ஒரு வரைவில் அவளுக்கு ஒரு காதலனைக் கொடுத்தேன். புவனேஸ்வரில், பைக் வைத்திருப்பவன். ஏமாற்றிவிட்டுப் போனான். அவன் வந்ததுமே கதை அவன் பின்னால் பைக்கில் ஏறிக்கொண்டது. இறக்கிவிட்டேன். இன்னொன்றில் அவள் தேர்வில் தோற்றாள். அடுத்த பக்கத்திலேயே மஹாதேவன், "இதுக்கா இவ்ளோ?" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அதையும் கிழித்தேன்.

காரணம் என்று ஒன்று இருந்துவிட்டால் அதற்கு மாற்று தேடலாம், பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். அவளுக்கே தெரியாத ஒன்றை நான் எப்படி எழுதுவது? அவள் அறைக்குள் நான் போகவில்லை. இந்தக் கதை மேஜையிலும் கூடத்திலும் பப்பிலும்தான் நடக்கிறது. அவளுடைய இருட்டு அவளுக்குச் சொந்தம்.

டாக்டரிடம் அழைத்துப் போகக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: பத்மஜா அழைத்துப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள். ஊர் மாற்றம் நல்லது என்றும் அந்த டாக்டரம்மாள் சொன்னார். மஹாதேவன் இரண்டுக்கும் தலையாட்டினார்.

6

அந்த வியாழக்கிழமைக் காலை பத்மஜா அடுப்படியிலிருந்து வந்து அவர் எதிரில் நின்றாள்.

"இன்னிக்கு ஒருநாள் போகாம இருக்கப்படாதா?"

"ஒத்துண்டாச்சே. கடைசி நேரத்துல அவாகிட்ட எப்படிச் சொல்றது?"

"ஒரு வாரம் நடக்காட்டா ஊர் முழுகிப்போயிடுமா?"

"ஆத்துல இருந்து என்ன பண்ணப்போறேன்? அந்தக் கதவையே பார்த்துண்டு உக்காந்திருக்கணும்."

பத்மஜா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவருடைய டிபன் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் வங்கிக்குப் போய், மாலை அங்கிருந்தே நேராகக் கரியாஹாட்டுக்குப் போனார்.

இனிமேல் வருவது நான் கண்ணால் பார்த்தது. எனவே இந்தப் பகுதியில் நடை கொஞ்சம் மட்டமாக இருக்கும். கண்ணால் பார்த்ததை நான் எழுதினால் எப்போதுமே அப்படித்தான்.

முதல் சுற்று சுமாராகப் போனது. இரண்டாவது சுற்றில் ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று கேட்டார். முறை கல்லூரிப் பிள்ளைகளின் மேஜைக்கு. கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி எழுந்து, "மூன்று" என்றாள். பக்கத்திலிருந்த பையன் அவள் கையைப் பிடித்து இழுத்து, "இரண்டு, இரண்டு" என்றான். அவள் குழம்பிப்போய் மஹாதேவனின் முகத்தைப் பார்த்தாள். எல்லாரும் அப்படித்தான் பார்ப்போம், பலன் இருக்காது என்று தெரிந்தே. சட்டப்படி அவர் இப்போது "ஷ்யூரா?" என்று கேட்க வேண்டும்.

அவர் கேட்கவில்லை. வாய் திறந்தது, மூடியது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. பாட்டில் உடைந்தாலும் திரும்பிப் பார்க்காத கூட்டம் அமைதியானது.

"போலுன் நா, காக்கு!" என்றாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே. சொல்லுங்களேன் சித்தப்பா என்று கெஞ்சினாள்.

மஹாதேவன் மைக்கை மேஜைமேல் வைத்தார். மைக் இல்லாமலேயே, தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்:

"மூணுதான்மா. நீ சொன்னது எனக்குக் கேட்டுது."

அவள் விழித்தாள். அதற்குள் மற்ற மேஜைகளில் கூச்சல் கிளம்பிவிட்டது. அவர் தலையாட்டியதிலேயே பதில் தெரிந்துவிட்டதாம், இல்லாவிட்டால் அந்தப் பெண் மாற்றியிருப்பாளாம், இந்தக் கேள்வி செல்லாதாம். அநிர்பான் என்ற பழைய ஆட்டக்காரர் எழுந்து வந்து, "கீ ஹோலோ, தாதா?" என்று தோளில் கை வைத்தார். என்ன ஆச்சு என்று அர்த்தம். மஹாதேவன் கேள்வித்தாள்களை அநிர்பானின் கையில் திணித்துவிட்டு, குல்லாயைக்கூட எடுக்காமல் படியிறங்கினார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடைபாதைக் கடைகளுக்கு நடுவே, ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினார். மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். ஓடினார்.

உண்மை இங்கே முடிகிறது. இனி நான் தனி.

7

வீடு இருட்டாக இருந்தது. சாவி போட்டுத் திறந்தார். பத்மஜா கோவிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். செருப்பு வைக்கும் அலமாரியை அவர் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவிடவில்லை. விளக்கைக்கூடப் போடாமல் நேராகப் போய் அந்தக் கதவின் முன் தரையில் உட்கார்ந்தார். மின்விசிறிச் சத்தம் இல்லை. இன்று கேட்பாள் என்று தோன்றியது.

என்ன பேசினார்?

"சுபி, உனக்கு என்னம்மா வேணும்?" [அடித்துவிட்டேன். திரும்பவும் கேள்வி.]

"எல்லாம் சரியாயிடும்—" [யார் சொன்னது?]

"இந்த உலகத்துல எத்தனையோ பேருக்கு—" [இது அவர் இல்லை. என்னைத் தேற்ற வந்த என் பெரியப்பா.]

"சுபி. அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டுது. நன்னாவே கேட்டுது. மூஞ்சியை எப்படி வெச்சுக்கறதுன்னுதான் தெரியல. பயந்துட்டேன்மா. இப்பவும் பயமாத்தான் இருக்கு. நீ காலேஜுக்குப் போக வேண்டாம். எழுந்துக்க முடியலேன்னா எழுந்துக்க வேண்டாம். கதவைத் தொறக்கணும்னுகூட இல்ல. நான் இங்கயே உக்காந்துண்டிருக்கேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியல."

இது நிற்கட்டும். இதைச் சொல்லும்போது அவர் அழுதார். நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதார். நான் ஒதுங்கி நின்றேன்.

வெகுநேரம் கழித்து வாசல் கதவில் சாவி திரும்பியது. பத்மஜா விளக்கைப் போட்டாள். சால்வையும் கைப்பையுமாக நின்று, தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"யார்கிட்ட பேசிண்டிருக்கேள்?"

"அவகிட்டதான்."

பத்மஜா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்படியே அவர் பக்கத்தில் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள்.

"அவ உள்ள இல்ல. திருச்சி வண்டியில ஏத்திவிட்டுட்டு வரேன். என் தங்கையாத்துல கொஞ்ச நாள் இருக்கட்டும். பக்கத்தாத்து ஜகதாம்பாள் மாமியும் அதே கோச்சுலதான் போறா, பார்த்துப்பா."

வியாழக்கிழமை என்றால் இந்த ஊர்த் தமிழர்களுக்குத் திருச்சி வண்டி. யாராவது ஒருவரை ஏற்றிவிட ஹௌராவுக்குப் போகும் நாள். மஹாதேவனுக்கு அது மறந்து வெகுகாலமாயிற்று.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

பத்மஜா கைப்பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"அவதான் சொன்னா. 'அப்பாவை இன்னிக்குப் போக வேண்டாம்னு சொல்லிப் பாரும்மா. அப்பா ஏன்னு கேட்டா சொல்லிடு. கேக்கலேன்னா சொல்ல வேண்டாம்'னா. காலம்பற நான் எத்தனை நாழி நின்னேன், பார்த்தேளோல்லியோ? ஒரு ஏன் கேப்பேள்னுதான் நின்னேன். அவ கதவைச் சாத்திண்டு உள்ளேருந்து கேட்டுண்டிருந்தா."

8

சரி, முடிவு.

முதல் முடிவில் வண்டி தாமதம். மஹாதேவன் டாக்ஸி பிடித்து ஹௌராவுக்கு ஓடுகிறார். நடைமேடையில் மகள் திரும்பிப் பார்க்கிறாள். இதை எழுதினேன், நன்றாகவே வந்தது. வண்டி தாமதம் என்றால் பத்மஜா எப்படி அதற்குள் வீடு திரும்பினாள் என்று பிறகு உறைத்தது. ரயில் சரியான நேரத்தில்தான் கிளம்பியது. சில நாள் அதுவும் நடக்கும்.

இரண்டாவது முடிவில் பத்மஜா பொய் சொன்னாள், சுபிக்ஷா அறைக்குள்தான் இருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைத் திறக்கிறாள். பத்மஜா அப்படிப்பட்டவள் இல்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் நடுவில் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவளை இப்படியொரு காரியத்துக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

மஹாதேவனே எழுந்து கதவைத் திறந்து பார்த்தார். கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தாள். கட்டிலடியில் பெட்டி இல்லை. அழுதுகொண்டே அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் அவளிடம் போய்ச் சேரவில்லை. திரும்பச் சொல்ல வேண்டும். மொத்தத்தையும் முதலிலிருந்து.

போனை எடுத்தார். அவள் பெயரைத் திறந்தார். மேலே இரண்டு பொத்தான்கள். ஒன்று குரலுக்கு, ஒன்று முகத்துக்கு.

குரல் மட்டும் என்றால் வசதி. நானாக இருந்தால் அதைத்தான் அழுத்துவேன், கோழைகளுக்கு அது போதும். ஆனால் அவளுக்கு அந்தக் குரலில் கடைசியாக ஞாபகமிருப்பது 'வேற ஏதாவது சேர்க்கணுமா?' என்பதுதான். முகம் இல்லாமல் அந்தக் குரல் மட்டும் போனால், பின்னால் எந்த முகத்தை வைத்துக் கேட்பாள்?

முகத்தை அழுத்தினால், இந்த அழுத முகத்தை அவள் பார்ப்பாள். இவர் எனக்காக அழுதார் என்று ஒருவேளை நம்புவாள். அதையே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத முடியாததற்குக் காரணம் இதுதான்: திரையில் அவள் வருகிறாள், பதிலுக்காக அவர் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்த மாத்திரத்தில் அத்தனை வருஷப் பழக்கம் முந்திக்கொண்டு, எல்லாம் துடைத்து, பழைய முகம் வந்து உட்கார்ந்துவிட்டால்? வராது என்று அவரால் சத்தியம் செய்ய முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. இன்னொரு தடவை அந்த முகத்தைப் பார்க்க அந்தப் பெண்ணுக்குத் தெம்பு இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவர் விரல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திரை மங்குகிறது. தொட்டு வெளிச்சமாக்குகிறார், மறுபடி மங்குகிறது. இதற்குமேல் ஒரு வரி எழுதினாலும் நான் அவரைக் காப்பாற்றிவிடுவேன், அல்லது கொன்றுவிடுவேன். இரண்டுக்கும் எனக்கு உரிமை இல்லை. போன் இனி உங்கள் கையில்.

"வண்டி கரக்பூர் தாண்டியிருக்கும்" என்றாள் பத்மஜா. "இனிமே சிக்னல் கிடைக்கறது கஷ்டம். ஏதாவது ஒண்ணை அழுத்துங்கோ."